எல்லைப்புறத்தில் ஒரு பொங்கல் விடுமுறை

தை முதல் நாள் என்றைக்கு வருகிறது? இந்தக் கேள்வியைத் தஞ்சையிலோ மதுரையிலோ எழுப்பினால் கேட்பவர் நகைப்பர். நாட்காட்டியில் சிவப்பு மையில் அச்சிட்ட நாளே தை முதல் நாள். அதில் ஐயத்துக்கு இடமேது? ஆனால் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் கொழிஞ்சாம்பாறையின் வயல்வெளிகளிலும் வாழும் தமிழருக்கு இக்கேள்வி நகைப்புக்குரியதன்று. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு இது பெரிய வினாவாயிற்று. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

இன்று பாலக்காடு, இடுக்கி என்று நாம் வழங்கும் மாவட்டங்கள் முன்னாளில் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தவை அல்ல. பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதற்குக் கிழக்கே, பொள்ளாச்சியை ஒட்டிய சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தின் பகுதி. தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டவை. ஆகவே, ஒரே மலைத்தொடரின் அடிவாரத்திலும் உச்சியிலும் வாழ்ந்த தமிழர் மூன்று சர்க்கார்களின் குடிகளாக இருந்தனர். 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அவற்றுடன் மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது.

அந்நாளில் தென் திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தமிழர் மிகுதியாக வாழ்ந்த இவ்விரு தாலுகாக்களுக்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கடுமையாகப் போராடியது யாவரும் அறிந்ததே. அவற்றைத் தர மறுத்தோர் கூறிய காரணங்களுள் ஒன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. தோட்டத் தொழிலாளர் அம்மண்ணின் குடிகள் அல்லர். பிழைப்பை நாடி மலையேறி வந்து, பின் இறங்கிச் செல்பவர். நிலையாகத் தங்காதோர் என்பதே அவ்வாதம். திருநாள் வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் தொழிலாளியைப் பார்த்தவர்க்கு இவ்வாதம் மெய்போலத் தோன்றியிருக்கக்கூடும். ஆயினும், மூன்று நான்கு தலைமுறைகள் தேயிலைச் செடியோடு வாழ்ந்து, பெற்றோரை அம்மலையிலேயே அடக்கம் செய்தவனுக்கு எது ஊர்?

இனி நாட்கணக்குக்கு வருவோம். தமிழரும் மலையாளிகளும் சூரியனைக் கொண்டே மாதத்தைக் கணக்கிடுகின்றனர். சூரியன் மகர ராசியில் புகும் நேரமே இருவருக்கும் மாதப்பிறப்பு. நமக்கு அது தை, அவர்களுக்கு மகரம். வேறுபாடு ஒரு சிறு விதியில் உள்ளது. சூரியன் அஸ்தமிக்கும் முன் சங்கராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதத்தின் முதல் நாள் என்பது தமிழர் வழக்கு. பகற்பொழுதை ஐந்து கூறாக்கி, முதல் மூன்று கூறுக்குள் நிகழ்ந்தால்தான் அன்று மாதம் பிறக்கும். அதற்குப் பின் நிகழ்ந்தால் மறுநாளே பிறக்கும் என்பது மலையாள வழக்கு. எனவே, சங்கராந்தி காலையில் வந்தால் இரு மொழியாருக்கும் ஒரே நாளில் மாதம் பிறக்கிறது. பிற்பகலில் வந்தால் ஒரு நாள் பிரிந்துவிடுகிறது. 2023-இல் தமிழர் ஏப்ரல் 14-ஆம் நாள் சித்திரைப் பிறப்பைக் கொண்டாட, மலையாளிகள் 15-ஆம் நாள் விஷுக்கனி கண்டது இதனால்தான்.

இவ்வாறு நாடெங்கும் வழங்கிய பலவகைப் பஞ்சாங்கங்களை ஒழுங்கு செய்யவே மத்திய அரசு 1952-இல் விஞ்ஞானி மேகநாத சாஹாவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டைத் தழுவிய தேசிய நாட்காட்டி வழக்குக்கு வந்தது. அரசிதழில் அது இடம்பெற்றது, அடுப்படியில் இடம்பெறவில்லை. மக்கள் தத்தம் முன்னோர் கணக்கையே இன்றளவும் பின்பற்றுகின்றனர்.

கேரள அரசு தமிழர் வாழும் திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய ஆறு மாவட்டங்களில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை அளித்து வருகிறது. 2022-இல் சூரியன் மகரத்தில் புகுந்தது ஜனவரி 14-ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு. தமிழர் கணக்கில் அன்றே தை முதல் நாள். மலையாளக் கணக்கில் மறுநாள் மகரம் முதல் நாள். விடுமுறையோ 15-ஆம் நாளுக்கென்று குறிக்கப்பட்டிருந்தது. பானையில் பால் பொங்கும் நாளில் பிள்ளைகள் பள்ளியில் இருக்க வேண்டும். பொங்கி முடிந்த மறுநாள், அதுவும் சனிக்கிழமை, விடுமுறை! அதனை 14-ஆம் நாளுக்கு மாற்றித் தருமாறு தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனைக் கேட்டுக்கொண்டார். கேரள அரசும் இசைந்து மாற்றியது. யாரும் வென்றதாகவோ தோற்றதாகவோ கருத இதில் ஒன்றுமில்லை. இரு கணக்குகளும் பழமையானவை, இரண்டும் சரியானவையே. ஒருவர் திருநாளை மற்றவர் கணக்கால் அளந்ததே பிழை. பிழை உணரப்பட்டதும் திருத்தப்பட்டது.

அரசாணைகளை மொழிபெயர்ப்பது என் தொழில். ஆதலின் இவ்விடத்தில் ஒரு சட்ட நுட்பத்தைச் சுட்ட விரும்புகிறேன். நம் நாட்டில் பொது விடுமுறை என்பது 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவினின்று தோன்றுவது. உண்டியலுக்கும் காசோலைக்கும் பணம் தரவேண்டிய நாள் எது என்று அறுதியிட எழுந்த சட்டம் அது. விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் அதன்படி மத்திய அரசுக்குரியது. 1957 ஜூன் 8-ஆம் நாளைய அறிவிக்கையால் அது மாநிலங்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. உள்ளூர் விடுமுறை இதனினும் எளிய உறவினன். ஓணத்துக்காகக் கன்னியாகுமரி, கோவை, நீலகிரி மாவட்டங்களில் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடும்போது, அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதன்று என்றும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும் என்றும் அறிவிப்பிலேயே சேர்த்துவிடுவர்.

தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. அவனுக்குரியது 1958-இல் கேரளம் இயற்றிய தொழில் நிறுவனங்கள் தேசிய, திருவிழா விடுமுறைச் சட்டம். அதே ஆண்டில் சென்னை மாநிலமும் அதே பொருளில் ஒரு சட்டம் செய்தது. அலுவலகம் மூடினால் மாதச் சம்பளக்காரனுக்கு ஓய்வு, கொழுந்து பறிப்பவளுக்கோ, கூலியுடன் கூடிய விடுமுறையே விடுமுறை, மற்றது பட்டினி. இதனை நினையாமல் விடுமுறையின் வரலாற்றை எழுதுவது அரைக் கதையாகும்.

உள்ளூர்த் திருவிழா சில வேளைகளில் பெரிய காரியங்களையும் நகர்த்திவிடும். பாலக்காட்டுக் கல்பாத்தியில் தமிழ் அந்தணர் குடியிருப்பின் நடுவே ஐப்பசியில் நடைபெறும் விசுவநாதர் தேரோட்டம் புகழ்பெற்றது. 2024-இல் பாலக்காட்டுச் சட்டமன்ற இடைத்தேர்தல் நவம்பர் 13-ஆம் நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. அன்றே தேர்த்திருவிழா தொடங்குவதை முன்னிட்டுத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவை 20-ஆம் நாளுக்குத் தள்ளிவைத்தது. நான்கு தெருக்களைச் சுற்றும் தேருக்கு ஒரு தேர்தல் வழிவிட்டது!

வடக்கே டில்லியிலும் நாகபுரியிலும் கல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள், இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களிலும் இக்கணக்கு உண்டு. டில்லிக்கு வெளியே உள்ள அலுவலகங்களில் பதினான்கு கட்டாய விடுமுறைகள் போக, பன்னிரண்டு திருநாட்கள் அடங்கிய பட்டியலிலிருந்து மூன்றை அந்தந்த ஊருக்கேற்பத் தேர்ந்துகொள்கின்றனர். அப்பட்டியலில் பொங்கலும் உண்டு, ஓணமும் உண்டு. ஊருக்குப் பொதுவாகப் பொங்கல் கிட்டாதபோது, தமிழ் ஊழியர் தம் விருப்ப விடுப்பு இரண்டில் ஒன்றை அதற்கென எடுத்துக்கொள்வதும் நாம் காண்பதே. அன்றைக்கு அலுவலகம் நடக்கும். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். அடுத்த மேசைக்காரர், "இன்று என்ன விசேஷம்?" என்று மறுநாள் கேட்பார்.

எல்லைப்புறத் தமிழருக்குக் கிடைத்திருப்பது அதனினும் வேறானது. கேரளத்தில் ஓணத்துக்குப் பல நாட்கள் விடுமுறை. பொங்கலுக்கு ஆறு மாவட்டங்களில் ஒரே ஒரு நாள். மாட்டுப் பொங்கலுக்கு மறுபடியும் வேலைக்குச் செல்லத்தான் வேண்டும். அளவில் இது சிறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் பெயரை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். எந்த மலையில் தமிழன் நிலையற்றவன், வந்து போகிறவன் என்று ஒருகாலத்தில் வாதிட்டார்களோ, அம்மலையில் அவனுடைய திருநாளுக்கு அரசு இட்டிருக்கும் பெயர் உள்ளூர் விடுமுறை. வெளியூரானுடைய பண்டிகைக்கு யாரும் அப்பெயர் இடுவதில்லை.