பாதியில் நின்ற விலக்கு: அந்நிய நாணய மாற்றுக் கடன்பத்திரங்களும் டெரிவேட்டிவ் பொறுப்பும்

பங்கு விலை ஏறினால் நிறுவனத்துக்கு நட்டம், சரிந்தால் இலாபம்: அந்நிய நாணயத்தில் வெளியிடப்படும் மாற்றத்தக்க கடன்பத்திரங்களின் கணக்கியலில் பழகிப்போன முரண் இது. பத்திரத்துக்குள் இருக்கும் மாற்றுரிமையை, அதாவது பத்திரத்தைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமையை, டெரிவேட்டிவ் பொறுப்பாக வகைப்படுத்தி, ஒவ்வொரு அறிக்கை நாளிலும் நியாய மதிப்பில் மறுமதிப்பீடு செய்வதால் இது நேர்கிறது. இந்தியக் கணக்கியல் தரநிலை இதற்கொரு விலக்கு அளித்துள்ளது. அந்த விலக்கு ஒரு பிறழ்வை நீக்கி, மற்றொன்றை உள்ளே விட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 32-இன்படி, நிலையான எண்ணிக்கைப் பங்குகளுக்கு நிலையான தொகை ஈடாக அமைந்தால்தான் மாற்றுரிமை பங்கு மூலதனமாகும். டாலரில் மாறாத தொகை, ரூபாயில் இயங்கும் நிறுவனத்துக்கு மாறும் தொகையே. பன்னாட்டு விளக்கக் குழு 2005-இல் இவ்வாறே கருதியது. 2023 நவம்பரில் வெளியான திருத்த வரைவும் நிறுவனத்தின் செயல்பாட்டு நாணயத்தையே வலியுறுத்துகிறது. 2016 ஏப்ரல் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த இந்தியத் தரநிலை 32-ஓ, மாற்று விலை எந்த நாணயத்தில் நிலையாக இருந்தாலும் மாற்றுரிமையைப் பங்கு மூலதனமாக ஏற்கிறது. விலை மறுநிர்ணய விதியால் பங்குகளின் எண்ணிக்கை மாறக்கூடுமானால் இவ்விலக்கு பொருந்தாது.

ஓர் எடுத்துக்காட்டு. டாலர் 40 ரூபாயாக இருக்கையில், 10 லட்சம் பங்குகளாக மாற்றத்தக்க 1 கோடி டாலர் பத்திரம் வெளியிடப்படுகிறது. 40 கோடி ரூபாயில் கடன் பகுதி 34 கோடி, மாற்றுரிமை 6 கோடி எனக் கொள்வோம். டாலர் 50 ரூபாயாகிறது. பங்கு விலை 400 ரூபாயிலேயே நிற்கிறது. வட்டிச் சேர்மானத்தை ஒதுக்கிவிட்டால், கடன் 42.5 கோடியாகி 8.5 கோடி நட்டம் தருகிறது. ஆனால் ஒரு பங்கைப் பெற, முதலீட்டாளர் இப்போது 500 ரூபாய் மதிப்புள்ள கோரிக்கையைக் கைவிட வேண்டும். மாற்றுரிமை 2 கோடியாகக் குறைந்தால், பன்னாட்டு முறையில் நிகர நட்டம் 4.5 கோடி. இந்திய முறையில் முழு 8.5 கோடியும் நட்டமே. ரூபாய்ச் சரிவின் பாதகம் பதிவாகிறது. அதே சரிவு தந்த ஈடு பதிவாவதில்லை.

பங்கு விலை ஏற்ற இறக்கம் நிறுவனத்தின் செயல்திறன் அல்ல என்பதே விலக்கை ஆதரிப்போரின் வாதம். அது சரியே, பங்குதாரருக்கும் பத்திரதாரருக்கும் இடையிலான செல்வப் பகிர்வை இலாபமென்று அழைப்பது வாசகரைத் திசைதிருப்பும். ஆயினும் அந்த வாதம் பங்கு விலைக்குப் பொருந்துமே தவிர, செலாவணி விகிதத்துக்குப் பொருந்தாது.

ஆகவே தீர்வு, வகைப்பாட்டைவிட முன்வைப்பிலேயே உள்ளது. மாற்றுரிமையை நியாய மதிப்பில் அளந்து, செலாவணியால் வந்த மாற்றத்தை இலாப நட்டக் கணக்கிலும், பங்கு விலையால் வந்ததைப் பிற முழுமை வருமானத்திலும் காட்டலாம். இரண்டும் பின்னிப் பிணைந்திருப்பதால் பிரிப்பு ஓரளவு அனுமானத்தைச் சார்ந்தது. அந்த அனுமானத்தைக் குறிப்புகளில் வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதுவரை, டாலர் பத்திரம் வெளியிட்ட இந்திய நிறுவனத்தின் செலாவணி நட்டத்தை ஆய்வாளர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மாற்றுரிமையின் மதிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.