மதுவமும் மானுடமும்

விஞ்ஞான வரலாற்றைப் பேரறிஞர் சிலரின் வாழ்க்கைக் கதையாக மட்டும் மாணவர்க்குக் கற்பிப்பது நமது வழக்கமாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு யாருடைய உழைப்பில் வேர்விட்டது, யாருக்குப் பயனாகிச் சென்றது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. ஈரலழற்சி 'பி' நோய்க்கான தடுப்பூசியின் கதை அவ்வினாவை எழுப்பத் தக்கதாகும்.

கள்ளிட்டு மாப் புளிக்கவைத்து அப்பம் சுட்ட பெண்களும் பாண் போறணைத் தொழிலாளரும் மதுவம் என்னும் நுண்ணுயிரைப் பெயரறியாமலே கையாண்டவர்கள். நொதித்தல் உயிருள்ள மதுவத்தின் செயலே என்பதைப் பாஸ்டர் 1860 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார்.

ஒரு நூற்றாண்டின் பின், அமெரிக்கரான புளூம்பேர்க் அவுஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் புதிய புரதமொன்றைக் கண்டார். அது ஈரலழற்சி வைரசின் மேலுறை எனப் பின்னர் தெளிவாயிற்று. 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தடுப்பூசி, நோய்க்கிருமியைத் தாங்கியோரின் குருதியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. மூலப்பொருளோ அரிது. எயிட்ஸ் நோய் வெளிப்பட்டதும் மக்களிடையே அச்சமும் பரவிற்று. தயாரிப்பு முறையிலேயே கிருமிகள் அழிக்கப்பட்டன எனினும் அவ்வச்சம் எளிதில் நீங்கவில்லை.

இந்நிலையில், ரட்டர், ஹோல் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் மேலுறைப் புரதத்திற்குரிய பரம்பரையலகை மதுவக் கலத்தினுள் புகுத்தின. நோயாளியின் குருதியிற் காணப்படுவன போன்ற துணிக்கைகளை மதுவம் ஆக்கித் தந்தது. இச்செய்தி 1982 இல் வெளியாயிற்று. பரம்பரையலகுப் பொறியியலால் மனிதருக்கென உருவான முதல் தடுப்பூசி 1986 இல் அனுமதி பெற்றது. இனி நோயாளியின் குருதி வேண்டியதில்லை. வளர்ப்புக் கலனில் மதுவம் பெருகினாற் போதும்.

ஆயினும், மதுவம் மலிவானது, மருந்தோ மலிவாகவில்லை! நோய் மலிந்திருந்த ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழைக் குழந்தைகளுக்கு அது எட்டாக்கனியாயிற்று. தடையாய் நின்றது அறிவின் குறைவன்று, சந்தையின் நியதியே. கியூபா தன் அரச ஆய்வு நிலையத்திலேயே மதுவத்தைக் கொண்டு இத்தடுப்பூசியை உற்பத்தி செய்தது. 1997 இல் ஐதராபாத்தின் சாந்தா நிறுவனமும் அவ்வாறே தயாரித்து விற்கத் தொடங்க, இந்தியாவில் விலை பன்மடங்கு வீழ்ந்தது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2003 இல் இடம்பெற்றது. சாந்தா நிறுவனமோ 2009 இல் பிரான்சின் சனோஃபி கம்பனியின் கைக்கு மாறிற்று!

இன்று ஆய்வாளர் மேலுமொரு படி செல்ல முயல்கின்றனர். உடலின் காவற்கலங்கள் மதுவத்தை விழுங்கும் இயல்புடையவை. ஆதலின், பரம்பரையலகையே மதுவத்தில் ஏற்றி அக்கலங்களுக்கு அனுப்பலாம் என்பது அவர்தம் எண்ணம். இம்முயற்சி வெல்லக்கூடும். வென்றால் அதன் பயன் யாருக்கு? அப்பச்சட்டியில் நுரைத்த மதுவம் எவரது தனியுடைமையுமன்று. அதன் வழி பிறக்கும் மருந்து மட்டும் தனியுடைமையாக வேண்டுமா என்பதை நம் மாணவர் சிந்திக்கட்டும்.