வாட் என்னும் பெயர்

மகாவலி கங்கைக் கரையிலுள்ள குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தவனும், கண்டியின் இறுதிச் சிங்கள மன்னனெனச் சரித்திரம் குறிப்பவனுமான வீர நரேந்திரசிங்கன், மதுரையிலிருந்து வந்த இராணிகளோடு இராஜ்யபாரம் செய்துகொண்டிருந்த 1736ஆம் ஆண்டில்தான், ஸ்கொத்லாந்தின் கிறீனொக் பட்டினத்தில் ஜேம்ஸ் வாட் ஜனனமானார். அதே கங்கையை மறித்து 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்மின் நிலையத்தின் வலுவை 210 மெகாவாட் என்று நாம் கூறும்போது உச்சரிப்பது அவர் பெயரையே.

நியூகொமனின் நீராவி இயந்திரத்தில் விரயமான உஷ்ணத்தைத் தனி ஒடுக்கி வைத்துத் தடுத்த அவர், தம் இயந்திரத்தை விற்கும்பொருட்டு, ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 இறாத்தல் பாரத்தை ஓரடி உயர்த்துமெனக் கணக்கிட்டுக் குதிரைவலு என்னும் அளவையை நிலைநாட்டினார். சாதாரணக் குதிரை நாள்முழுதும் தாங்கக்கூடிய வேலையன்று அது என்பதையும் சொல்லவேண்டும்.

அவர் மறைந்து 63 ஆண்டுகளுக்குப்பின், 1882இல், சௌதாம்டனில் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தில் தலைமையுரை நிகழ்த்திய வில்லியம் சீமென்ஸ், வோல்ட், அம்பியர் முதலிய பெயர்கள் முந்திய ஆண்டு பாரிஸ் மகாநாட்டில் அங்கீகாரம் பெற்றிருந்தமையால், ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஓர் அம்பியர் மின்னோட்டம் தரும் வலுவுக்கு வாட்டின் நாமத்தைச் சூட்டலாமெனப் பிரேரித்தார். மின்சார ஆராய்ச்சியால் கீர்த்தி பெறாத ஒருவருக்கு இக்கௌரவம் வாய்த்தது விசித்திரமே. 1960இல் சர்வதேச அலகு முறையிலும் அப்பெயர் இடம்பெற்றது. அவர் வகுத்த குதிரைவலுவோ இன்று ஏறத்தாழ 746 வாட் என்று அளக்கப்படுகிறது.