மார்கழி விடுமுறையும் வடக்கு நோக்கிய புகைவண்டியும்

மேலை நாட்டார் குளிர்காலம் என்று வழங்கும் பருவம் இலங்கைக்கு இல்லை. நுவரெலியாவின் புல்வெளிகளில் சில விடியற்காலைகளில் உறைபனி படிவதுண்டு. அதற்கு மேல் இத்தீவு குளிரை அறியாது. ஆயினும் ஆங்கிலேயர் தங்கள் நாட்டு வழக்கப்படி நத்தார்ப் பண்டிகையை முன்னிட்டு வகுத்த டிசம்பர் விடுமுறை, இந்நாட்டுப் பாடசாலைகளிலும் வேரூன்றியது. மூன்றாந் தவணைப் பரீட்சை முடிந்துவிடும். புதிய வகுப்போ தை மாதத்தில்தான் தொடங்கும். பழைய ஆண்டின் பாரம் இறங்கி, புதிய ஆண்டின் பாரம் ஏறாதிருந்த அந்தச் சில வாரங்கள் சிறுவர் மனத்திலே தனியிடம் பெற்றதில் வியப்பில்லை.

இளமை நினைவு என்பது அவரவர் உள்ளத்துக்கே உரிய செல்வம் என்று நாம் எண்ணுகிறோம். சற்று ஆராய்ந்து பார்த்தால், அந்த நினைவுக்குப் பின்னே ஒரு பாடசாலைக் கால அட்டவணையும், ஒரு புகையிரதப் பாதையும், ஓர் அரசாங்க விதியும் நிற்பது புலப்படும். கொழும்பு வெள்ளவத்தையிலும் அதனை அடுத்த பாமன்கடையிலும் வளர்ந்த தமிழ்ச் சிறுவரின் மார்கழி விடுமுறையே இதற்கு நல்ல சான்று.

காலி வீதியிலிருந்து கிழக்கே சென்றால், கால்வாய்க் கரையை ஒட்டி அமைந்த பகுதி பாமன்கடை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அயலவராய் வாழ்ந்த இடம் அது. யாழ்ப்பாணத்து மண்ணில் பேராறு எதுவும் இல்லை. காணியோ தலைமுறைதோறும் சிறுத்து வந்தது. மறுபுறத்தில், மிஷனரிமாரும் சைவப் பெரியாரும் நிறுவிய கல்லூரிகள் ஆங்கிலங் கற்ற இளைஞரை ஆண்டுதோறும் உருவாக்கின. அவ்விளைஞர் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் நிலைய அதிபராகவும் கொழும்புக்கு வந்தனர். மாதந்தோறும் அவர்கள் அனுப்பிய காசுக் கட்டளையில் ஊர்க் குடும்பங்கள் வாழ்ந்தன. நாளடைவில் மனைவி மக்களும் வந்து சேர, வெள்ளவத்தை 'குட்டி யாழ்ப்பாணம்' என்று பெயர் பெற்றது. ஆனால், 'வீடு' என்ற சொல்லுக்கு அக்குடும்பங்களில் இரண்டு பொருள் இருந்தன. கொழும்பில் குடியிருந்தது வாடகை வீடு. 'ஊர் வீடு' வடக்கே இருந்தது.

இவ்விரண்டு வீடுகளையும் இணைத்தது புகையிரதம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பாதை 1902ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. அதுவரை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வர விரும்பியவர், கடலில் கப்பலேற வேண்டும். அல்லது வன்னிக் காட்டினூடே பல நாட்கள் வண்டியில் வரவேண்டும். 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி வடபாதை முழுமை பெற்றது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கியது. பல நாள் வழியென்றால், சில வார விடுமுறைக்காகக் குழந்தைகளை அழைத்துச் செல்ல எவரும் துணியார். ஓர் இரவு வழியாகியதனால்தான், ஊருக்குப் போதல் ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாயிற்று.

அதற்கு உதவிய மற்றொன்று 'வொறண்ட்'. அரசாங்க உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தினரும் விடுமுறையில் இலவசமாகப் பிரயாணஞ் செய்யும்பொருட்டு வழங்கப்பட்ட புகையிரத அனுமதிச் சீட்டு அது. சாதாரண எழுதுவினைஞர் ஒருவர் மனைவி மக்களுக்கெல்லாம் தம் சம்பளத்தில் சீட்டு வாங்குவது எளிதன்று. அந்தச் சிறு தாள் இருந்தமையால், பாமன்கடைச் சிறுவர் பலர் டிசம்பர் பிறந்ததும் நாட்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினர்.

கோட்டைப் புகையிரத நிலையத்தில் விடுமுறை தொடங்கும் நாளின் நெரிசல் பழையவர்களுக்கு நினைவிருக்கும். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், சோற்றுப் பொதி, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றோடு யன்னலோரத்து இடத்துக்காகச் சகோதரர் இடும் வழக்கும் அப்பயணத்தின் அங்கங்களே. இரவு அஞ்சல் வண்டியில் சென்றவர்களுக்குப் பொல்காவலையும் மாகோவும் உறக்கத்தில் கழியும். அநுராதபுரமும் கடந்து வவுனியாவுக்கு அப்பால் காடு விரியும். ஆனையிறவில் உப்பங்காற்று முகத்தில் அடிக்கும். பளையில் பனைகள் வரிசையாய் வரவேற்கும். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'யாழ்தேவி' கடுகதி வண்டி ஓடத் தொடங்கியது. காலையில் கொழும்பில் ஏறியவர் பிற்பகல் உணவுக்கு ஊர் வீட்டை அடையலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழையால் கிணறுகள் நிறைந்திருக்கும். வயல்களில் நெற்பயிர் கதிர் தள்ளி நிற்கும். விநாயக விரத நாட்களில் கோயில்களில் வரத பண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதை படிக்கப்படும். திருவாதிரைக்கு முன்னுள்ள பத்து நாட்களில், விடியுமுன்னரே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, மாணிக்கவாசகரின் திருவெம்பாவையைப் பாடிக்கொண்டு ஊரார் வீதி வலம் வருவர். கொழும்பில் காலை ஏழு மணிக்குத் தாய் தட்டியெழுப்பினாலும் எழாத பிள்ளை, இங்கே நான்கு மணிக்குத் தானாக எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு அக்கூட்டத்தின் பின்னே ஓடும். சேமக்கலத்தை ஒருமுறை அடிக்கக் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டில் அதைவிடப் பெரிய பேறு வேறில்லை.

பனங்கிழங்கு கிளறும் காலமும் அதுவே. ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் அடுக்கிய விதைகள் மார்கழி, தையில் கிழங்காகி நிற்கும். சுட்ட கிழங்கும் அவித்த கிழங்கும் ஆச்சியின் முற்றத்தில் பகிரப்படும். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். அவியாமற் காய வைத்தால் ஒடியல். இந்த வேறுபாட்டை எந்தப் பாடப் புத்தகமும் கொழும்புப் பிள்ளைக்குக் கற்பிக்கவில்லை. பெரியம்மா யார், குஞ்சியம்மா யார், எந்த மச்சான் எந்த வழியில் உறவு என்பதையும், துலாக் கிணற்றில் நீர் இறைப்பதையும், ஊர்ப் பேச்சின் ஓசையையும் அந்த மூன்று வாரங்களே கற்பித்தன. பாடசாலை மூடியிருந்த காலத்தில் நடந்த பாடசாலை என்று அதனைச் சொன்னாலும் பொருந்தும்.

பாமன்கடைத் தமிழர் எல்லோரும் வடக்கே சென்றாரல்லர். மட்டக்களப்பார் கீழ்ப் பாதையில் சென்றனர். போவதற்கு ஊர் வீடு இல்லாதோரும், கையில் வொறண்ட் இல்லாத தொழிலாளரும் இருந்த இடத்திலேயே விடுமுறையைக் கழித்தனர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கருக்கோ, டிசம்பர் 13ஆம் திகதி வரும் புனித லூசியாளின் திருநாளோடு நத்தார்க் களிப்புத் தொடங்கிவிடும். ஊருக்குச் சென்றவர் திரும்பி வருகையில் பெட்டிக்குள் ஒடியலும் பனாட்டும் எள்ளுருண்டையும் இருக்கும். ஒரு பங்கு சிங்கள, பறங்கி அயலவர் வீடுகளுக்குப் போகும். அவர்கள் எடுத்து வைத்திருந்த நத்தார்க் கேக் அதே தட்டில் திரும்பி வரும். இப்படி வேலிக்கு மேலாகக் கைமாறிய தட்டுகளையும் வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

யாழ்தேவி புறப்பட்ட 1956ஆம் ஆண்டிலேதான் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாகச் சட்டமாக்கப்பட்டது என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தூரம் நேரத்தால் குறைந்த அதே ஆண்டில், மனங்களுக்கு இடையிலான தூரம் கூடத் தொடங்கியது. எழுதுவினைஞரின் உத்தியோகமும் அத்துடன் ஆட்டங் கண்டது. 1958ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தின்போது கொழும்பில் அகதிகளான தமிழர் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். விடுமுறைக்கு ஆவலோடு சென்ற திசைக்கே, கைப்பெட்டியும் இன்றிச் செல்லும் நிலை பிள்ளைகளுக்கு வந்தது. 1977இலும் அது தொடர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. அன்றும், தட்டுக் கைமாறிய வேலிகளைத் தாண்டிச் சென்று அயலவர் வீட்டில் அடைக்கலம் பெற்று உயிர் தப்பினோர் பலர்.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, வவுனியாவுக்கு வடக்கே புகைவண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. ஊருக்குப் போக வேண்டியவர் கிளாலிக் கடனீரேரியில் உயிரைப் பணயம் வைத்து இரவில் தோணியேறினர். பின்னர் திருகோணமலையிலிருந்து கப்பலுக்குக் காத்துக் கிடந்தனர். 2002இல் கண்டி வீதி திறந்தது. 2006இல் மீண்டும் மூடியது. தவிர்க்க முடியாத பயணங்களைத் தவிர எவரும் மேற்கொள்ளாத வழியாயிற்று அது. பிள்ளைகளின் விடுமுறை தவிர்க்கக் கூடியதே. ஆகவே அது தவிர்க்கப்பட்டது.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையிலும் பாதை சீரமைந்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் 24. 1990இல் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு அப்போது முப்பது வயது. புகைவண்டி மீண்டு வந்தது. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மார்கழிகள் மீளவில்லை. ஆச்சி காலமாகியிருந்தாள். பல ஊர்களில் வீட்டின் இடத்தில் சுவர் மட்டுமே நின்றது. மச்சான்மார் லண்டனிலும் தொறொன்ரோவிலும் உண்மையான பனிக்காலத்தைக் கண்டுகொண்டிருந்தனர்.

போரில் மாண்டோரையும் காணாமற் போனோரையும் எண்ணுகையில், ஒரு விடுமுறையின் இழப்பு சிறிதாகவே தோன்றும். எனினும், ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு மொழியையும் உறவையும் மண்ணையும் எந்த வழியால் கொடுத்தது என்று கேட்டால், விடை பெரும்பாலும் இத்தகைய சிறிய இடங்களிலேதான் கிடைக்கும். அரசர் பெயரும் சட்டத்தின் இலக்கமும் ஏட்டிலே நிலைத்துவிடும். சேமக்கலத்தின் ஓசையை எந்த ஏடும் காப்பாற்றுவதில்லை. கேட்டவர் சொன்னால்தான் அது நிலைக்கும்.

ஆகையால், அந்த மார்கழிகளை அறிந்த நேயர்கள், தங்கள் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி, எந்த நிலையத்தில் ஏறினோம், எந்த நிலையத்தில் விழித்தோம், முதற் கிழங்கை யார் கையில் வாங்கினோம் என்பதை நிலையங்களின் பெயரோடும் மனிதரின் பெயரோடும் சொல்லி வைப்பார்களாக. கேட்கும் பிள்ளை முதலில் சிரிக்கும். பிறகு, ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வீட்டில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.