"டிஸ்கஸ்" போதும்... "அபௌட்" எதற்கு?

"லெட்ஸ் டிஸ்கஸ் அபௌட் இட் டுமாரோ."

வேலையிட மின்னஞ்சலில் இப்படி எழுதியிருக்கிறீர்களா? சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்தான். ஆனால் அதில் "அபௌட்" தேவையில்லை. நண்பர்களிடம் பேசும்போது பரவாயில்லை. வேலை விண்ணப்பத்திலோ தேர்விலோ அது பிழையாகத் தெரியும்.

ஏன் இந்தக் குழப்பம்?

தமிழில் "அதைப் பற்றி விவாதிக்கலாம்" என்கிறோம். அந்தப் "பற்றி"தான் ஆங்கிலத்தில் "அபௌட்" ஆகிவிடுகிறது. ஆனால் "டிஸ்கஸ்" என்ற வினைச்சொல்லிலேயே "பற்றி" அடங்கியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு ப்ரிப்பொசிஷன், அதாவது முன்னிடைச்சொல், வரும். "எ டிஸ்கஷன் அபௌட் சேலரி", "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" இரண்டும் சரி. அதே பழக்கத்தில் வினைச்சொல்லுக்கும் சேர்த்துவிடுகிறோம்.

எதற்கு எது வேண்டாம்?

• ரிக்வெஸ்ட் (வினை): "ஃபார்" வேண்டாம்
• எம்ஃபசைஸ்: "ஆன்" வேண்டாம்
• கான்டாக்ட் (வினை): "வித்" வேண்டாம்
• ரீச் (ஓர் இடத்தை அடைவது): "டு" வேண்டாம்

"என்டர்" கொஞ்சம் வித்தியாசம். அறைக்குள் நுழைந்தால் "என்டர் த ரூம்". ஒப்பந்தம் செய்துகொண்டால் "என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்".

மாற்றினால் அர்த்தமே மாறும்!

"கம்ப்ளைன் டு த மேனேஜர்" என்றால் மேலாளரிடம் புகார் செய்வது. "கம்ப்ளைன் அபௌட் த மேனேஜர்" என்றால் மேலாளரைப் பற்றியே புகார் செய்வது. மாற்றி எழுதினால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க!

"அக்ரீ"யும் அப்படித்தான். ஒருவரின் கருத்து சரி என்று நீங்களும் நினைத்தால் "அக்ரீ வித்". ஒரு நிபந்தனைக்குச் சம்மதம் கொடுத்தால் "அக்ரீ டு". சம்பளக் குறைப்புப் பற்றிய கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது? நிறுவனத்துக்கு "டு", வேலைக்கு "ஃபார்". தமிழில் இரண்டுக்குமே "-க்கு" என்பதால் தடுமாறுவது இயல்பே.

எப்படிப் பழகுவது?

வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். "டிபெண்ட் ஆன்", "அப்ளை ஃபார்" என்று ஜோடியாகவே பழகுங்கள். சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்போருக்கான அகராதியில் அர்த்தத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் பாருங்கள்.

அடுத்த மின்னஞ்சலை அனுப்புமுன் ஒரே ஒரு கேள்வி: இந்த "அபௌட்" இல்லாமலே வாக்கியம் நிற்குமா?