கழுநீரும் திருக்கலமும்

மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை 1895-இல் கிழக்கே திருப்பியதால் நம் வாடிப்பட்டி வயல்கள் செழித்தன. வீணாகும் நீரை வாழவைத்த வரலாறு துறவு மடங்களிலும் உண்டு.

நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடத்து டிராப்பிஸ்ட் துறவியர், மடத்தின் செலவுக்காக 1884-இல் பீர் ஆலை தொடங்கினர். கொதித்த சாற்றைக் குளிர்விக்கையில் சூடேறும் நீரை அடுத்த காய்ச்சலுக்குக் கொள்வது பீர் ஆலைகளின் பழைய எரிபொருள் சிக்கனம். ஆனால் கழிவுநீர்? 2018-இல் அம்மடத்தில், செடிகளின் வேர்களில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு அதைத் தூய்மையாக்கும் கண்ணாடிக்கூடம் எழுந்தது. தெளிந்த நீர் செடிகளுக்குப் பாய்கிறது.

மடத்துப் பொருள்கள் யாவற்றையும் பலிபீடத் திருக்கலங்களாகக் கருதுமாறு புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் பணித்தார். மதுவைப் போற்ற இதனை எழுதினோமல்லோம். கோவில் தீர்த்தத்தைப் பக்தியோடு தொடும் நாம், வீட்டுக் கழுநீரைத் தெருவில் விடுகிறோம். அது கொல்லை வாழைக்குப் பாயுமானால், அதுவும் ஆராதனையே.