டீ சாப்பிடலாமா? - கரெண்ட் கொடுத்த கார்களின் கதை

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க தெருவுல அஞ்சு நாள் கரெண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே கையை விரிச்சிடுச்சு. கீழ்வீட்டு அண்ணன் காரை ஸ்டார்ட் பண்ணி வச்சு, தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். 'ஒரு காரால வீட்டுக்கே கரெண்ட் கொடுக்க முடியுமா?'ன்னு அப்பதான் தேட ஆரம்பிச்சேன். தேடினா ஒரு பெரிய வரலாறே இருக்கு மக்களே!

யோசனை அமெரிக்காவில் பிறந்தது. 1997ல் டெலவேர் பல்கலைக்கழகத்தின் வில்லட் கெம்டன், ஸ்டீவன் லெடென்ட்ரே என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கார் பெரும்பாலான நேரம் சும்மாதானே நிக்குது, அப்ப அதன் பேட்டரியிலிருந்து மின் நிறுவனம் கரெண்ட் வாங்கிக்கலாமே என்பதுதான் வாதம். கணக்கு சரி. ஆனா கார் எங்கே? ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல் குத்தகைக்கு விட்ட ஈவி1 கார்களை, சில வருஷத்திலேயே திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கியே போட்டுட்டாங்க. கட்டுரை மட்டும் மிச்சம்.

அதை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தது ஒரு பேரழிவு.

2011 மார்ச் 11, ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, புகுஷிமா. மார்ச் 14லிருந்து டோக்கியோ வட்டாரத்தில் முறை வைத்து மின்வெட்டு. மேற்கு ஜப்பானில் மின்நிலையங்கள் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தன, ஆனா அந்தக் கரெண்டை இந்தப் பக்கம் தள்ள முடியலை. ஏன்? 1890களில் டோக்கியோக்காரங்க ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினாங்க, ஒசாகாக்காரங்க அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினாங்க. நூறு வருஷம் கழிச்சும் நாடு ரெண்டு பாதிதான். நடுவில் இருந்த மாற்றி நிலையங்களின் திறன் சுமார் 1000 மெகாவாட் மட்டுமே. தாத்தா வாங்கின கடனைப் பேரன் கட்டுற கதை!

வடகிழக்கில் பெட்ரோலுக்குப் பஞ்சம், பல ஊர்களில் கரெண்ட் முதலில் திரும்பி வந்தது. மிட்சுபிஷியின் ஐ-மீவ், நிசானின் லீஃப் கார்களை அங்கே அனுப்பினாங்க. ஓடின. ஆனா அவ்வளவு கரெண்டை வயித்துல வச்சிருந்தும் ஒரு ரைஸ் குக்கருக்குக் கொடுக்க வழியில்லை. இந்தக் காட்சிதான் என்னை உலுக்கிச்சு.

லீஃப் பேட்டரி 24 யூனிட். நம்ம வீட்டு 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி கணக்குப்படி 1.8 யூனிட். அதாவது 13 இன்வெர்ட்டர் பேட்டரிக்குச் சமம்!

நிசான் அதே ஆகஸ்டில் வீட்டோடு இணைக்கும் கருவியைக் காட்டியது. 2012ல் நிச்சிகான் கம்பெனியின் 6 கிலோவாட் பெட்டி விற்பனைக்கே வந்தாச்சு. மிட்சுபிஷியும் 1500 வாட் பெட்டி ஒன்றை விட்டது.

இது சாத்தியமானதுக்குக் காரணம் சாடெமோ என்ற பிளக். வண்டி பேட்டரியின் நேர்மின்சாரத்தை உள்ளேயும் வெளியேயும் விட அதில் இடம் இருந்தது. 'டீ சாப்பிடலாமா' என்பதன் ஜப்பானியச் சிலேடை அந்தப் பெயர், சார்ஜ் ஏறும் நேரத்துல ஒரு டீ அடிக்கலாமாம் :-) பிளக்கை உருவாக்கியதில் முக்கியப் பங்கு யாருக்குத் தெரியுமா? டோக்கியோ மின் நிறுவனம், டெப்கோ. ஆமாங்க, புகுஷிமா அணுமின் நிலையத்தின் அதே சொந்தக்காரர்.

அமெரிக்காவில் கெம்டன் விடவில்லை. 2013ல் அவர் குழுவின் கார்கள் கிரிட்டுக்குச் சேவை விற்றுக் காசு பார்த்தன. அது யூனிட் விற்ற காசு இல்லை. அதிர்வெண் கொஞ்சம் ஏறி இறங்கும்போது நொடிகளில் கொடுத்து வாங்கிச் சமன் செய்யும் கூலி. 2016ல் டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்பெர்கில் 10 நிசான் வேன்கள் இதையே தொழிலாகச் செய்தன. 'பேட்டரி தேஞ்சா யார் காசு?' என்ற கேள்வி மட்டும் எங்கே போனாலும் கூடவே வந்தது. நியாயமான கேள்விதான், எனக்கும் உண்டு.

ஆனா கடைசியில் தோற்றது அந்த பிளக். ஐரோப்பாவும் அமெரிக்காவும் சிசிஎஸ் பக்கம் போச்சு. நிசானே 2020ல் அறிமுகம் செய்த ஆரியாவுக்கு அந்த நாடுகளில் சிசிஎஸ்தான் வைத்தது. வண்டியும் சார்ஜரும் இரு திசையிலும் பேசிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 15118-20 தரம் வெளியானதோ 2022ல். ஜப்பான்காரன் வீட்டில் பெட்டி மாட்டிப் பத்து வருஷம் கழிச்சு!

பி.கு: கீழ்வீட்டு அண்ணன் இப்ப எலெக்ட்ரிக் கார் புக் பண்ணியிருக்கார். "வீட்டுக்குக் கரெண்ட் கொடுக்குமாண்ணே?"ன்னு கேட்டேன். "மிக்ஸி, ஃபேன் நேரா சொருகிக்கலாமாம் தம்பி, வீட்டு லைன்ல மட்டும் சேர்க்கக் கூடாதாம்"னார்.